மலிவுத் தட்டும் மறைந்த பேரும்



நல்ல பாட்டைக் கேட்க ஏழைக்கும் ஆசை உண்டுதானே? 1954-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஊல்வொர்த் கடைகள் "எம்பஸி" என்னும் மலிவு இசைத்தட்டை விற்கத் தொடங்கின. எல்விஸ் பிரெஸ்லியின் ராக் அண்ட் ரோல் பாட்டு பரவியதும் அதுவும் இத்தட்டில் வந்தது. பாட்டு அதேதான், குரல் மட்டும் வேறு. பாட்டை எழுதியவருக்கு உரிய பங்கைக் கட்டிவிட்டால் சட்டம் தடுக்காது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புகழ்பெற்ற பாட்டு, விலையோ குறைவு.

பாடியவர் பேர்தான் மறைந்தது. ரே பில்கிரிம் என்பவர் "பாபி ஸ்டீவன்ஸ்" என்ற புனைபெயரில் பாடினார். 1965-இல் எம்பஸி நின்றது. வேறு மலிவுத் தட்டுகள் தொடர்ந்தன. எல்டன் ஜான்கூட புகழ் பெறுமுன், 1970 வாக்கில், இப்படிக் கூலிக்குப் பாடியவர்தான்.

இந்தியாவில் 1980-களில் டி-சீரிஸ் கம்பெனி பழைய இந்திப் பாட்டுகளைப் புதுக்குரலில் மலிவுக் கேசட்டாக்கியது. பின்னர் ரஃபியின் பாட்டுகளை அப்படிப் பாடித்தான் சோனு நிகம் முன்னுக்கு வந்தார்.

ரப்பர் சீட்டில் கம்பெனி முத்திரை இருந்தது. விடியுமுன் பால்மரம் வெட்டின நம் பாட்டிமார் பேர் இல்லை. அந்தப் பாடகர் கதையும் இதுதான்.

மாணவர்களே! பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மால் பழம்பொருள் சந்தைக்குப் போனால் மலிவுத் தட்டையும் புரட்டிப் பாருங்கள். வீட்டிலுள்ள பழைய தட்டு, கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதிலுள்ள சின்ன எழுத்துப் பேரையும் நோட்டில் எழுதி வையுங்கள். உழைத்தவன் பேரை எழுதி வைப்பதும் வரலாறுதான்.