ஒரே வினை, இரு செயப்படுபொருள்: 1971இல் காங்கிரஸ் மீண்ட கதை

இழந்த செல்வாக்கை ஓர் ஆளுங்கட்சி தேர்தலுக்கு முன் மீட்டெடுத்ததற்கு இந்திய வரலாற்றில் முதன்மையான சான்று 1971 மக்களவைத் தேர்தல். அவ்வெற்றியை 'கரீபி ஹட்டாவ்' என்ற முழக்கத்துக்குள் சுருக்கிக் கூறுவது வழக்கம். ஆனால், முழக்கம் எழுவதற்கு முன்பே அதற்கான களம் அமைக்கப்பட்டிருந்தது.

1967 தேர்தலில் காங்கிரஸ் 520 இடங்களில் 283ஐ மட்டுமே வென்றது. சென்னை, கேரளம், மேற்கு வங்கம், பீகார், ஒரிசா, பஞ்சாப் ஆகிய மாநிலங்களில் பெரும்பான்மை கிட்டவில்லை. 1969 நவம்பரில் கட்சி பிளவுண்டது. காமராஜர், நிஜலிங்கப்பா உள்ளிட்ட மூத்த தலைவர்கள் மறுதரப்பில் நின்றனர். இந்திரா காந்தியின் அரசு திமுக, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆகியவற்றின் ஆதரவில் நீடித்தது. கட்சியின் இரட்டைக் காளைச் சின்னமும் முடக்கப்பட்டது.

இந்நிலையில் இந்திரா கட்சி அமைப்பைச் செப்பனிட முயலவில்லை. அதைத் தாண்டி வாக்காளரை நேரடியாக அடையும் வழியைத் தேர்ந்தார். 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. மன்னர் மானிய ஒழிப்பு மசோதா 1970 செப்டம்பரில் மாநிலங்களவையில் ஒரே வாக்கு குறைந்து வீழ்ந்தது. மன்னர்களின் அங்கீகாரத்தை நீக்கிய ஆணையையும் டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. பன்னிரண்டே நாள்களில் மக்களவை கலைக்கப்பட்டது. தடைபட்ட சட்டம், நிறைவேறிய சட்டத்தினும் வலிய தேர்தல் வாதமாயிற்று.

கலைப்புக்கு மற்றொரு விளைவும் உண்டு. அதுவரை மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் பெரும்பாலும் ஒருசேரவே தேர்தல் நடந்துவந்தது. ஓராண்டு முன்கூட்டி வந்த தேர்தல், பெரும்பாலான மாநிலங்களில் தேசிய வினாவை உள்ளூர்ச் சாதிக் கணக்கிலிருந்தும் கோஷ்டிப் பூசலிலிருந்தும் பிரித்தது.

முழக்கம் பொருள்பட்டது இங்கேதான். எதிரணியினர் 'இந்திரா ஹட்டாவ்' என்றனர். இந்திரா அதே ஏவல் வினையை வைத்துக்கொண்டு, செயப்படுபொருளை மட்டும் மாற்றினார். நீக்கப்படவேண்டியது ஓர் ஆளா, வறுமையா என்பதே கேள்வியாயிற்று. அக்கேள்விக்குள் எதிரணி வறுமையின் பக்கம் நிற்பதாகத் தோன்றியது.

முடிவில் 518 இடங்களில் 352 கிடைத்தன. 1967ஐ விட வாக்கு விழுக்காடு ஏறத்தாழ மூன்று புள்ளிகளே கூடியிருந்தது. எனினும், அது பிளவுபட்ட கட்சியின் ஒரு பகுதி மட்டும் பெற்ற வாக்கு என்பது கருதத்தக்கது.

வாக்குகள் மீண்டன, கட்சி மீளவில்லை. மாநில முதல்வர்கள் தில்லியின் விருப்பப்படி அமர்த்தப்பட்டனர். 1972க்குப் பின் காங்கிரஸின் உட்கட்சித் தேர்தல் 1992இல்தான் நடந்தது. 1977இல் அலை எதிராகத் திரும்பியபோது உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரஸுக்கு ஓரிடம்கூடக் கிட்டவில்லை. நெருக்கடிநிலையின் மீதான சினமே அத்தோல்விக்கு முதற்காரணம். ஆயினும், அச்சினத்தை முன்கூட்டியே உணர்ந்து தலைமைக்கு எடுத்துச் சொல்லக்கூடிய சுதந்திரமான உள்ளூர்த் தலைமை அப்போது கட்சியில் எஞ்சியிருக்கவில்லை. 1971இன் வெற்றிமுறைக்குக் கட்சி கொடுத்த விலை அது.