மருந்தியலும் உரிமத் தேர்வின் மொழியும்: மானிப்பாய் முதல் பாளையங்கோட்டை வரை

தமிழில் நவீன மருந்தியல் வேரூன்றாமைக்குக் கலைச்சொற் பற்றாக்குறையே காரணம் என்று அடிக்கடி கூறப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சான்றுகள் இக்கருத்துக்கு இடந்தரவில்லை. கலைச்சொல் இருந்தது, நூலும் இருந்தது. மருத்துவத் தொழில் புரிய உரிமம் அளிக்கும் தேர்வு மட்டும் வேறு மொழியில் அமைந்தது.

மருந்துப் பொருள்களின் தமிழ்ப் பெயர்களை அறியாமல் ஆங்கில மருத்துவம் சென்னை மாகாணத்தில் இயங்க இயலவில்லை. ஒயிட்லா எயின்சிலி 1813இல் சென்னையில் வெளியிட்ட மருந்துப்பொருள் நூலில் தமிழ்ப் பெயர்களுக்குச் சிறப்பிடம் உண்டு. 1868இல் எட்வர்டு வேரிங் தொகுத்த இந்திய மருந்துநூல் வெளிவந்தது. மறு ஆண்டே சென்னை மருத்துவர் மூதீன் ஷெரீப் அதற்குப் பின்னிணைப்பு நூலொன்று எழுத நேர்ந்தது. வட்டாரமொழிப் பெயர்களைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்துவதே அதன் பெரும்பணி. எனினும் இந்நூல்களில் தமிழ் பெயர்ச்சொல்லாக நின்றதேயன்றி, விளக்கும் மொழியாக நிற்கவில்லை.

அந்நிலையை மாற்றியவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). ஆங்கிலவழிப் பயின்ற மாணாக்கர் அரசுப் பதவிகளை நாடி ஊரைவிட்டு நீங்குவதைக் கண்ட அவர், தமது இரண்டாம் பணிக்காலத்தில் (1862–1873) தமிழ்வழிக் கல்விக்கு மாறினார். மாணாக்கர் துணையுடன் ‘இரண வைத்தியம்’ (1867), ‘வைத்தியாகரம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்கள் வெளிவந்தன. வேரிங்கின் மருந்துநூலும் ‘இந்து பதார்த்த சாரம்’ என்னும் பெயரில் தமிழானது. தமிழில் சொல் உளதேல் அது, இன்றேல் வடசொல், அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு என்பது கிறீனின் நெறி. ‘கெமிஸ்தம்’ என்னும் தலைப்பே இம்மூன்றாம் படிக்குச் சான்று. இன்றைய தூய்மை நோக்கில் அது குறையாகத் தோன்றலாம். வகுப்பறைத் தேவைக்கு அது போதுமானதாகவே இருந்தது.

கற்பித்தவரே சோதித்துச் சான்றளிக்கும் சிறு பள்ளியில் இம்முறை இயன்றது. தொழிலுரிமை அரசின் கைக்கு மாறியபோது நிலை வேறாயிற்று. 1870இல் கொழும்பில் தொடங்கிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் அமைந்தது. சென்னை மாகாணத்தில் 1914ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுச் சட்டம் ஆங்கில மருத்துவப் பட்டமும் உரிமமும் பெற்றோரையே பதிவேட்டில் ஏற்றது. கிறீனின் நூல்கள் பிழைபட்டமையால் வழக்கிழக்கவில்லை. அவற்றைப் படித்து எழுதத் தேர்வு இல்லாமையால் வழக்கிழந்தன.

இதற்கு மறுதலையான சான்று சித்த மருத்துவக் கல்வியில் கிடைக்கிறது. முகமது உசுமான் குழுவின் அறிக்கையை (1923) அடுத்துச் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றி, உரிமப் படிப்பொன்றை நடத்தியது. பின்னர், வீரகேரளம்புதூர், தென்காசி, குற்றாலம் ஆகியவற்றை உள்ளடக்கிய பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், பாளையங்கோட்டையில், அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் நிறுவப்பட்டது. மறு ஆண்டே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் அதே ஊர்ப்பகுதியில் அமைந்தது. ஒரே நிலத்து மூலிகை இரு கல்லூரிகளிலும் இருவேறு வினாக்களாக வடிவெடுப்பதை இங்கே ஒப்பிட்டுக் காணலாம்.

ஆடாதொடையை எடுத்துக்கொள்வோம். சித்த மருத்துவ மாணவர் குணபாடத் தேர்வில் அதன் சுவை கைப்பு, தன்மை வெப்பம், பிரிவு கார்ப்பு, செய்கை கோழையகற்றி எனத் தமிழில் விடை எழுதலாம். நவீன மருந்தியல் மாணவர் புரோம்ஹெக்சின் கோழையை இளக்கும் மருந்து என ஆங்கிலத்தில் விடை தருகிறார். புரோம்ஹெக்சினோ ஆடாதொடையிலுள்ள வாசிசின் என்னும் காரப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டு செயற்கையாக ஆக்கப்பட்டது. ‘கோழையகற்றி’ என்னும் சொல் மருந்தின் வினையைப் பெயரிலேயே உணர்த்தும் செவ்விய கலைச்சொல். இசிவகற்றி, சிறுநீர்பெருக்கி, வெப்பகற்றி என இத்தகையன பல. தேர்வில் நாளும் பயன்படுவதனாலேயே அவை உயிருடன் உள்ளன. சித்த மருத்துவக் கோட்பாட்டுச் சூழலில் பிறந்த இச்சொற்களை நவீன மருந்தியலுக்கு அப்படியே பெயர்க்கலாமா என்பது தனியே ஆராயத்தக்கது. மூலக்கூற்று ஏற்பிகளைப் பற்றிய வினாவுக்குக் குணபாடம் விடை வைத்திருக்கவில்லை.

இன்று இளநிலை மருத்துவத்திற்கான நீட் நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுத இயலும். முதுநிலை நீட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகிறது. அயல்நாட்டில் பயின்றோர் இந்தியாவில் தொழில் புரிய எழுதும் தகுதித் தேர்வின் நிலையும் அதுவே. 300 வினாக்கள் கொண்ட அத்தேர்வில் மருந்தியலுக்குரியவை 13.