உள்நாட்டுப் போர்க்கால ரிச்மண்டில் முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் சபை

1861 மே மாதத்தில் அமெரிக்கத் தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகராகத் தெரிவு செய்யப்பட்ட ரிச்மண்டில், ஒரு கறுப்பின பாப்டிஸ்ட் சபை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகள். அச்சபையை நடத்தியவர் யார் என்னும் வினாவுக்குச் சட்டம் தரும் விடையும் சபை நடைமுறை தரும் விடையும் ஒன்றல்ல.

1831ஆம் ஆண்டு நாட் டர்னர் கிளர்ச்சியை அடுத்து, கறுப்பினத்தவர் போதிப்பதை வர்ஜீனியா சட்டம் தடை செய்தது. ஆகவே 1841இல் வெள்ளையர் புதிய ஆலயத்துக்குப் பெயர்ந்து பழைய கட்டடத்தில் இச்சபை தனித்து அமைந்தபோது, ரிச்மண்ட் கல்லூரித் தலைவராகிய இராபர்ட் ரைலண்ட் என்னும் வெள்ளையரே போதகரானார். வெள்ளையர் குழுவொன்று மேற்பார்வை செய்தது. எனினும் உறுப்பினர் சேர்க்கை, நீக்கம், ஒழுக்க வழக்குகள், ஏழையர் உதவி ஆகியவற்றை முப்பது கறுப்பின உதவிக்காரர்கள் கவனித்தனர். போதித்தலுக்கே தடை; செபத்துக்குத் தடையில்லை. ரைலண்ட் உறுப்பினர்களைச் செபிக்க அழைப்பார். அச்செபங்கள் நீண்டு, ஏறத்தாழப் பிரசங்கங்களாகவே அமைந்தன. இதனை ரைலண்டின் தாராள மனப்பான்மை என்று மட்டும் கொள்வது பொருந்தாது; கீழ்ப்படிதலை வலியுறுத்தியவரும் அவரே. சட்டத்தின் இடைவெளியைச் சபையார் தம் குரலால் நிரப்பினர் என்பதே பொருத்தம்.

போர்க்காலத்தில் இக்கட்டடத்துக்கு மற்றொரு பயனும் இருந்தது. நகரின் பெரிய மண்டபங்களுள் ஒன்றாகையால் அரசியல் கூட்டங்கள் இங்கு நடைபெற்றன. ஹாம்ப்டன் ரோட்ஸ் சமாதானப் பேச்சு முறிந்த பின், 1865 பெப்ரவரி 6 அன்று ஜெபர்சன் டேவிஸ் இங்கே போரைத் தொடருமாறு முழங்கினார். மூன்று நாள் கழித்து அமைச்சர் ஜூடா பெஞ்சமின், போரிட முன்வரும் அடிமைகளுக்கு விடுதலை அளிக்கலாம் என்று அதே மண்டபத்தில் வாதிட்டார். அடிமைகள் ஞாயிறுதோறும் செபித்த இடத்தில், அவர்தம் விடுதலை படைபலத்துக்கான விலையாகப் பேசப்பட்டது. மார்ச்சு 13இல் நிறைவேறிய சட்டமோ அவர்களைப் படையில் சேர்க்க இசைந்ததேயன்றி, விடுதலையை உறுதி செய்யவில்லை.

ஏப்ரல் 3 அன்று நகரம் வீழ்ந்தது. ரைலண்ட் அவ்வாண்டிலேயே பொறுப்பைத் துறந்தார். 1867இல் சபையின் முதல் கறுப்பினப் போதகரான ஜேம்ஸ் ஹோம்ஸ் வெளியிலிருந்து வந்தவரல்லர். அடிமையாகப் பிறந்து, போருக்கு முன்பே அச்சபையின் உதவிக்காரராகப் பணியாற்றியவர்.