களப்பிரர் வெளியேற்றம்: வேள்விக்குடிச் செப்பேட்டுச் சான்றின் மறுவாசிப்பு

முன்னுரை

அயலவர் ஆட்சியை அகற்றி மண்ணை மீட்ட மன்னர் என்னும் புகழ், பண்டைய எகிப்தில் காமோஸ், அஹ்மோஸ் ஆகியோருக்கும், தமிழகத்தில் பாண்டியன் கடுங்கோனுக்கும் உரியதாகக் கூறப்படுகிறது. முன்னவர் ஹிக்சோஸ் அரசரை அவாரிஸ் நகரிலிருந்து கி.மு. 1550 அளவில் வெளியேற்றினர். பின்னவன் கி.பி. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் களப்பிரரை வென்றான். களப்பிரர் காலத்தை ‘இருண்ட காலம்’ எனக் குறிக்கும் வழக்கம் இவ்வெற்றிச் செய்தியையே பெரிதும் சார்ந்துள்ளது. அச்செய்தி எச்சூழலில், எத்தேவைக்காக எழுதப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வழக்கும் செப்பேடும்

வேள்விக்குடிச் செப்பேடு அடிப்படையில் ஒரு நில உரிமை ஆவணம். பாண்டியன் நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அது வெளியிடப்பட்டது. கூடல் மாநகரில் மன்னன் முன் நற்சிங்கன் என்பான் முறையிடுகின்றான். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தன் முன்னோனாகிய கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு வேள்வியின் பொருட்டு வழங்கிய ஊர், களப்பிர அரசனால் பறிக்கப்பட்டது என்பது அவனது முறையீடு. மன்னன் உடனே ஊரை வழங்கிவிடவில்லை. உரிமையின் பழமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பிக்குமாறு பணிக்கின்றான். அவ்வாறே மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே கொடை புதுப்பிக்கப்படுகிறது.

களப்பிரனைக் ‘கலியரசன்’ எனச் சுட்டும் தொடர் இவ்வழக்கினுள்தான் இடம்பெறுகிறது. கடுங்கோன் முதல் நெடுஞ்சடையன் வரை ஏழு தலைமுறைகள். கடுங்கோன் தன் காலத்தில் பொறித்த கல்வெட்டு எதுவும் இதுகாறும் கிடைத்திலது. ஆகவே நம் கையில் இருப்பது, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், மீட்டவன் வழித்தோன்றலின் அவையில் நிலம் கோரியவன் தரப்பு நினைவே. ஒருவரது உரிமை மூலத்தை நிறுவ இடைக்காலத்தவரைப் பறித்தோராகக் காட்டுதல் இன்றியமையாதது. அதனை ஒரு காலப்பகுதி முழுமைக்குமான தீர்ப்பாகக் கொள்வது பொருந்தாது.

புலாங்குறிச்சிக் கல்வெட்டு இங்குக் கருதத்தக்கது. அதில் வரும் சேந்தன் கூற்றனைக் களப்பிரன் எனக் கொள்வோர் உளர், மறுப்போரும் உளர். முன்னோர் கருத்து ஏற்கப்படின், பிரமதாய உரிமைகள் களப்பிரர் ஆட்சியிலும் ஏற்கப்பட்டிருந்தன என்றாகும். வேள்விக்குடி தரும் பொதுச்சித்திரம் அப்போது நிலைபெறாது. சோழநாட்டில் களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தன் ஆட்சியில் புத்ததத்தர் தம் பாலி நூலை இயற்றியமையும் ‘இருள்’ என்னும் அடைமொழியோடு ஒவ்வாதது.

அயலவர் யார்?

எகிப்துச் சான்றுகள் இவ்வகையில் சற்று வளமானவை. காமோஸின் கர்னாக் கல்வெட்டு போர் நிகழ்ந்த காலத்ததே. எனினும் ஹிக்சோஸைக் கடவுளற்ற அழிப்பாளராகத் தீட்டும் சித்திரம் ஹட்செப்சுட் அரசியின் கல்வெட்டில், வெற்றிக்கு இரு தலைமுறைகளுக்குப் பின்னரே முழு வடிவம் பெறுகிறது. அவாரிஸ் அமைந்திருந்த தெல் எல்-தபாவில் மான்பிரெட் பீட்டாக் நடத்திய அகழாய்வுகளோ, மேற்காசியக் குடியினர் ஆட்சியைக் கைப்பற்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அங்குக் குடியமர்ந்திருந்ததைக் காட்டின.

களப்பிரர் பற்றியும் இதனை ஒத்த வினா உண்டு. சங்கப் பாடல்கள் குறிக்கும் வேங்கடத்துக் கள்வர் தலைவன் புல்லியின் குடியோடு களப்பிரரை இணைத்தார் சா. கிருஷ்ணசாமி அய்யங்கார். சொல்லாராய்ச்சி அளவில் இவ்விணைப்பு ஐயத்திற்குரியதே. ஆயினும் அது சரியெனின், இன்றைய திருவள்ளூர், திருத்தணி வழியே வடக்கு நோக்கிச் செல்லும் நிலப்பகுதியின் எல்லைக் குடியினரே அவர். கடல் கடந்தோ தொலைநாட்டிலிருந்தோ வந்தவரல்லர்.

‘வெளியேற்றம்’ என்னும் சொல்லும் ஆய்வுக்குரியது. பல்லவன் சிம்மவிஷ்ணு வென்றோர் பட்டியலில், காசாக்குடிச் செப்பேடு களப்பிரரைச் சோழர், பாண்டியர், சிங்களர் வரிசையில் ஒருவராகவே வைக்கிறது. கடுங்கோனுக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், சாளுக்கிய விநயாதித்தன் (681–696) காலப் பட்டயங்கள் பணியவைக்கப்பட்டோருள் பல்லவரை அடுத்துக் களப்பிரரையும் பெயர் சுட்டிக் குறிக்கின்றன.