பதினெட்டு நடை

சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை காலையில் நான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனேன். எம்பெருமானாரைச் சேவிக்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு பிரிண்டரைப் பழைய வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த ஊர் ராமாநுஜர் அவதரித்த தலம். 1017-ஆம் வருஷம் என்பது சம்பிரதாயக் கணக்கு. இன்றைக்கு அந்த வட்டாரத்தின் புகழ் வேறு விதமானது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் நோக்கியா வந்தது. 2014-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் போயிற்று. 2007-இல் டெல் கம்ப்யூட்டர் தொழிற்சாலை. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். இப்போது சுங்குவார்சத்திரத்துப் பக்கம் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன்கள் உருவாகின்றன. விடியற்காலையில் அந்தச் சாலையில் போனால், கழுத்தில் அடையாள அட்டையும் கண்ணில் பாதித் தூக்கமுமாகப் பெண்கள் பஸ் பஸ்ஸாகப் போவதைப் பார்க்கலாம்.

என் பிரிண்டருக்கு வருவோம். அதற்கு வயது பன்னிரண்டு. காகிதத்தை ஒழுங்காக இழுக்கும், எழுத்தும் பழுதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்ட நாள் முதல் அது மௌன விரதம் பூண்டுவிட்டது. விற்றவர்களுக்குத் தொலைபேசி செய்தேன். "லினக்ஸுக்கு நாங்கள் பொறுப்பல்ல சார். புதிதாக ஒன்று வாங்கிவிடுங்களேன்" என்றார்கள். நாலைந்து தடவை கேட்டும் அதே பதில். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை ஒரகடத்தில் வேலை செய்துகொண்டு ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவன்தான், "எடுத்துக்கொண்டு வாருங்கள் சார், பார்க்கலாம்" என்றான்.

அவன் முதலில் பிரிண்டரைத் தொடவே இல்லை. "என்ன செய்கிறது?" என்று கேட்டான். "வேலை செய்யவில்லை" என்றேன்.

"அது போதாது சார். டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் என்ன மருந்து கொடுப்பார்? அதுவே என்ன சொல்கிறது என்று கேட்போம்."

பிரிண்டரைத் தன் கம்ப்யூட்டரில் பொருத்தி, 'டிமெசெக்' என்று ஒரு சொல்லைத் தட்டினான். திரையில் வரி வரியாக ஓடிற்று. கம்ப்யூட்டர் கண் விழித்தது முதல், எந்தெந்த உறுப்பைக் கண்டது, எது பதில் சொன்னது, எது சொல்லவில்லை என்று தானே எழுதி வைக்கும் குறிப்பு அது. கிட்டத்தட்ட ஜாதகம். பிரிண்டரை அது அடையாளம் கண்டுகொண்டுதான் இருந்தது.

கொஞ்ச நேரம் துருவிப் பார்த்துவிட்டு அவன் சொன்ன நோய் விசித்திரமானது. அந்த ரகப் பிரிண்டருக்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாதாம். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தான் யார் என்பதையே மறந்துவிடும். கம்ப்யூட்டர்தான் ஒரு சிறு நிரலை உள்ளே அனுப்பி அதற்கு நினைவூட்ட வேண்டும். விண்டோஸில் இது சொல்லாமலே நடந்துவிடும். லினக்ஸுக்கு எப்படிச் செய்வது என்று விற்றவர்கள் சொல்லவில்லை. ஆனால் முன்பின் தெரியாத யாரோ ஒருவர், கம்பி வழியே ஓடும் எண்களைப் பொறுமையாகப் பார்த்து, முறையைக் கண்டுபிடித்து, எல்லோருக்குமாக எழுதி வைத்திருந்தார். பத்து நிமிஷத்தில் என் பிரிண்டர் கனைத்தது.

"அவருக்கு இதில் என்ன லாபம்?" என்று கேட்டேன்.

"அவரிடமும் இந்தப் பிரிண்டர் இருந்திருக்கும்" என்றான்.

இந்தப் பதிலில் ஐம்பது வருஷச் சரித்திரம் அடங்கியிருக்கிறது. யூனிக்ஸ் என்பது 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி என்ற இருவர் முக்கியமான கர்த்தாக்கள். அந்தக் கூடத்தின் சொந்தக்காரர் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசிக் கம்பெனி. 1956-இல் ஏற்பட்ட ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி அது கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இறங்க முடியாது. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸைச் சொற்பத் தொகைக்குக் கொடுத்தது. கூடவே, "உதவி கிடையாது, பிழை திருத்தம் கிடையாது" என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தாய் போய்விட்டால் அண்டை வீட்டார்தானே கூடிப் பார்க்க வேண்டும்? 1974-இல் யூனிக்ஸ்காரர்கள் நியூயார்க்கில் கூடினார்கள். உன் யந்திரத்தில் என்ன கோளாறு, என் யந்திரத்தில் எப்படித் தீர்த்தேன் என்று பேசிக்கொண்டார்கள். உதவி இல்லை என்ற ஒரு வாக்கியம் ஒரு சமூகத்தையே உண்டாக்கிவிட்டது.

அடுத்த கட்டமும் ஒரு பிரிண்டரில்தான் தொடங்கியது என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், காகிதம் சிக்கினால் உரியவருக்குச் செய்தி போகும்படி பழைய பிரிண்டரின் நிரலைத் திருத்தியிருந்தார். புதியதற்கும் அப்படியே செய்ய விரும்பினார்; ஆனால் அதன் மூலநிரல் கொடுக்கப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று தெரிந்து போய்க் கேட்டார். "யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மன் மனத்தில் முள்ளாகத் தைத்தது. 1983-இல் யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய ஒரு யூனிக்ஸை எழுதப்போவதாக அறிவித்தார். 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் வந்தது. 1993-இல் பெர்க்லி வழியில் நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி. 1995-இல் ஓப்பன்பிஎஸ்டி. இதை எழுதுகிறவர்கள் உங்கள் யந்திரத்தின் டிமெசெக் குறிப்பை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிச் சேர்த்து வைக்கிறார்கள். வைத்தியர் நோயாளிகளின் நாடியைத் தபாலில் வாங்கி வைத்துக்கொள்வது போல.

கம்பி இல்லாமல் இணையத்தில் சேர்க்கும் பிராட்காம் சில்லுகளின் கதை இன்னும் சுவையானது. அவை எப்படி இயங்குகின்றன என்று கம்பெனி சொல்லவில்லை. ஒரு குழு அவற்றின் நடத்தையை ஆராய்ந்து விவரம் எழுதிற்று. அந்த விவரத்தை மட்டும் படித்து இன்னொரு குழு புது நிரல் எழுதிற்று. திருடினார்கள் என்ற பேச்சுக்கு இடம் வைக்கக்கூடாது என்று இந்த ஏற்பாடு. 2006-இல் அது லினக்ஸில் சேர்ந்தது. 2010-இல் கம்பெனியே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்கு மூலநிரலை வெளியிட்டது.

நம் ஊரிலும் இந்தக் கூட்டம் உண்டு. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 ஜனவரி முதல் இயங்குகிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி.யில் கூடுவது அவர்கள் வழக்கமாக இருந்தது. சென்னை சி-டாக் 2007-இல் 'பாஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அந்தக் கணினிகளில் இருந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில், திறந்து படிக்கக்கூடிய ஒரு யூனிக்ஸ்!

படித்தார்களா? எனக்குத் தெரிந்த வீடுகளில் படிக்கவில்லை. ஒரு தையற்காரர் மகளின் மடிக்கணினியில் திடீரென்று சத்தம் வராமல் போயிற்று. கடைக்காரர் லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. அந்தப் பெண்ணுக்கோ, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது என்பதே தெரியாது. கதவு திறந்துதான் இருந்தது. திறந்திருக்கிறது என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை.

அறையை விட்டுக் கிளம்பிக் கோயிலுக்குப் போனேன். ராமாநுஜர் கதையில் எல்லோருக்கும் தெரிந்த கட்டம் ஒன்று உண்டு. மந்திரத்தின் ரகசியப் பொருளைக் கேட்கத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு நடை நடந்தார். கடைசியில் யாருக்கும் சொல்லாதே என்ற நிபந்தனையோடு உபதேசம் ஆயிற்று. அவர் நேரே கோயிலின் உச்சியில் ஏறி, கூடியிருந்தவர்களுக்கெல்லாம் உரக்கச் சொல்லிவிட்டார். ரகசியத்தை உடைத்ததைத்தான் இதுவரை நான் பெரிதாக நினைத்திருந்தேன். அன்று எனக்கு வேறொன்று தோன்றியது. அவர் அதை ஓலையில் எழுதித் தூணில் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஜனங்களைக் கூட்டி, படி ஏறி, தொண்டை வலிக்கச் சொன்னார். ரகசியத்தைத் திறப்பது பாதி வேலைதான்; கேட்பவன் காதில் விழச் செய்வது மறு பாதி.

வெளியே மத்தியான முறைக்குப் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த ஐபோன்களுக்குள் இருப்பதும் பெர்க்லி யூனிக்ஸின் வம்சத்தில் வந்ததுதான். தங்கள் கையால் பூட்டும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

போன வாரம் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார். அதே ரகப் பிரிண்டர், அதே மௌனம். "என்ன செய்கிறது என்று விவரமாகச் சொல்லுங்கள்" என்றேன், பெரிய வைத்தியர் போல. பிறகு எனக்குத் தெரிந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கோபுரம் ஏற எனக்கு முழங்கால் இடம் கொடுக்காது. திண்ணையிலிருந்தே சொன்னேன்.