பிளசர், டிக்கி, ஸ்டெப்னி... பழைய கார்க்காரர்களின் அகராதி

நம்ம பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்கள் பலர் காரை 'கார்' என்று சொல்வதில்லை, 'பிளசர்' என்பார்கள். "மாப்பிள்ளை பிளசர்ல வந்து இறங்குனாரு" என்றால் அந்தக் கல்யாணம் பெரிய இடத்துக் கல்யாணம். கேட்டுச் சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சரக்கு ஏற்ற லாரி, கூலிக்கு ஆள் ஏற்ற பஸ், சொந்த சுகத்துக்கு 'ப்ளெஷர் கார்' என்று ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் பிரித்துச் சொன்னார்கள். அங்கே அந்தச் சொல் வழக்கொழிந்தது, இங்கே பிளசராகத் தங்கிவிட்டது. நம் தமிழறிஞர்கள் உருவாக்கிய 'மகிழுந்து' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மகிழ் + உந்து. அதுவும் பிளசர்தான் :-)

பழைய கார்களைச் சேர்ப்பவர்கள், செப்பனிடுபவர்கள், உருமாற்றுபவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தனி பாஷை பேசுகிறார்கள். அதில் பாதி வெளிநாட்டிலிருந்து வந்தது, மீதி நம் ஊர் ஷெட்களில் ஏற்கனவே இருப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் வாங்க.

ஷெட்டில் இருக்கும் சொற்கள்

டிக்கி: காரின் பின்பக்கம் பெட்டி வைக்கும் இடம். பழைய இரண்டு சீட் கார்களில் பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கூடுதல் சீட் இருக்கும். அதன் பெயர்தான் டிக்கி. அதற்கும் முன்னால் குதிரை வண்டியில் வேலைக்காரர் உட்காரும் பின் சீட்டுக்கும் இதே பெயர். சீட் போய்விட்டது, பெயர் மட்டும் நம்மிடம் இருக்கிறது.

ஸ்டெப்னி: ஆரம்பக் காலக் கார்களில் உபரிச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரைக் கழற்ற வேண்டியதுதான். 1904ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் ஒரு உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. தெருப் பெயர் கம்பெனிப் பெயராகி, கம்பெனிப் பெயர் பொருளின் பெயராகி, இந்தியா முழுக்கப் பரவிவிட்டது. பிரேசிலில்கூட உபரிச் சக்கரத்தை 'எஸ்டெபே' என்கிறார்கள்.

செல்ஃப்: "செல்ஃப் எடுக்கல, தள்ளுங்கப்பா" என்று சொல்லாத ஊர் உண்டா? கார்களின் ஆரம்ப நாட்களில் முன்பக்கம் கம்பியைச் செருகிச் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும். கம்பி எதிர்ப்பக்கம் அடித்தால் கை உடையும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ம் வருட மாடல் காடிலாக் கார்களில் வந்தது. தானாகக் கிளம்புவதால் 'செல்ஃப்-ஸ்டார்ட்டர்'. நாம் பின்பாதியை வெட்டிவிட்டோம்.

டிங்கரிங்: ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைப்பவர் ஆங்கிலத்தில் டிங்கர். நம் ஊரில் அவர் கார் தகட்டை நிமிர்த்துபவராகிவிட்டார்.

கிளப்பில் இருக்கும் சொற்கள்

நம் பத்திரிகைகள் பழைய கார் எதுவாக இருந்தாலும் 'விண்டேஜ்' என்று எழுதிவிடும். ஆர்வலர்கள் இதற்குக் கோபப்படுவார்கள். விண்டேஜ் என்பது ஒயின்காரர்களின் சொல், எந்த வருட அறுவடை என்பதைக் குறிப்பது. 1934ல் இங்கிலாந்தில் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் அதைக் கார்களுக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் கணக்கில் 1930க்குள் செய்தவைதான் விண்டேஜ். அதற்கும் முந்தியவை 'வெட்டரன்'. லண்டன்-பிரைட்டன் ஓட்டத்தில் 1905க்கு முன் செய்த வண்டிகளைத்தான் சேர்ப்பார்கள். பிந்தையவை 'கிளாசிக்'. இந்தக் கணக்குப்படி நம் அம்பாசடர் (1958ல் வந்து 2014ல் நின்றது) விண்டேஜே கிடையாது. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961லிருந்து செய்த ஹெரால்டும், அதற்கு அடுத்து 1972ல் வந்த கசெலும் அப்படியே.

அடுத்து 'பார்ன் ஃபைண்ட்'. பல வருடம் கொட்டகையில் தூசியில் கிடந்து கண்டுபிடிக்கப்படும் கார். நம் ஊரில் மாட்டுக்கொட்டகை, ரைஸ்மில் பின்கட்டு, புளியமரத்தடி. 'மேட்சிங் நம்பர்ஸ்' என்றால் சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் கம்பெனியில் சேர்ந்து வந்த அதே ஜோடி. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டும் இருப்பதால் இதைச் சரிபார்ப்பது சுலபம். 'ரெஸ்டோரேஷன்' என்றால் பழையபடியே ஆக்குவது. 'ரெஸ்டோமாட்' என்றால் வெளியே பழசு, உள்ளே புதுசு. 'ஹாட் ராட்' என்பது அமெரிக்க இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி, பெரிய என்ஜின் வைத்து வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் விட்டதில் பிறந்தது. இங்கே அதைச் செய்தால் ஆர்.டி.ஓ. பிடிப்பார். மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவு அப்படி. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லிவிட்டது.

'ஒரிஜினல்' யாருக்கு?

என்னைப் பொறுத்தவரை இந்த அகராதியின் முக்கியமான சொல் 'ஒரிஜினல்'. 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் 'விண்டேஜ்'. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து. ஏற்கனவே பதிவானவை பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கிளப்காரர்களின் 1930 கணக்கை அரசாங்கம் ஒரே வரியில் அழித்துவிட்டது. ஆக, 1972 கசெலும் இன்று சட்டப்படி விண்டேஜ்தான். ஆனால் ஒரு நிபந்தனை: சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. நம் பக்கத்தில் பழைய கார்கள் எப்படிப் பிழைத்தன? பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் என்ஜின் மாற்றிப் பிழைத்தன. கிடைக்காத பாகத்துக்கு லேத்தில் கடைந்து போட்டுப் பிழைத்தன. கொடைக்கானல் மலை ஏறி இறங்கிய டாக்ஸி, 30 வருடம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கும். அது விண்டேஜ் ஆகாது. ஏதோ பங்களாவில் ஓடாமலே நின்ற கார் ஆகிவிடும்! உழைத்த வண்டிக்கு மரியாதை இல்லை, தூங்கிய வண்டிக்குப் பட்டம்.

வணிகவியல் மாணவன் என்பதால் ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். குறைந்து செல் மதிப்பு முறையில் வருடம் 15 சதவீதம் தேய்மானம் போட்டால், ஒரு லட்ச ரூபாய்க் கார் 50 வருடம் கழித்துப் புத்தகத்தில் சுமார் 30 ரூபாய். டீக்கடையில் இரண்டு பேர் டீ குடிக்கும் காசு! சந்தையோ 'ஒரிஜினல்' என்ற ஒரே சொல்லுக்கு அதே காருக்கு லட்சங்களைக் கொடுக்கிறது. அந்தச் சொல் யாருக்குப் போகிறது என்பது பணம் யாருக்குப் போகிறது என்பதும்தான்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றாமல் காப்பதும் அவசியம், இல்லாவிட்டால் ஹெரால்டின் உள்ளே என்ன இருந்தது என்று நாளை யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூர் ஜி.டி. கார் மியூசியம் (2015) அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. அந்தப் பெயருக்குரிய ஜி.டி. நாயுடுவே 1920ல் பொள்ளாச்சிக்கும் நம் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓட்டித்தான் ஆரம்பித்தார். அதாவது, ஷெட்டும் சாலையும் தெரிந்தவர்.

நான் கேட்பது ஒன்றுதான். மாற்றி மாற்றி ஓடிப் பிழைத்த வண்டிக்கும் அந்த அகராதியில் ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் தேட வேண்டாம். 'ரன்னிங் கண்டிஷன்' என்று நம் மெக்கானிக்குகள் சொல்கிறார்களே, அதுவே போதும். திண்டுக்கல்லில் 50, 60 வயது தாண்டிய டிங்கர்களும் மெக்கானிக்குகளும் இன்னும் இருக்கிறார்கள். எந்த வண்டிக்கு எந்த என்ஜின் பொருந்தியது, எந்தப் பாகத்துக்கு எது மாற்று என்பது அவர்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால், ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.