தொழிற்கட்சியின் பதினான்கு ஆண்டுகள்

1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 27ஆம் நாள் இங்கிலாந்தில் நடைபெற்ற பொதுத் தேர்தலிலே, தொழிலாளரின் கட்சியைத் தொழிலாளருள் பலரே கைவிட்டனர். 1929இல் 287 ஸ்தானங்களோடு பார்லிமெண்டின் முதற் கட்சியாக வீற்றிருந்த தொழிற்கட்சிக்கு அன்று எஞ்சியவை 52 மட்டுமே. கட்சித் தலைவர் ஆர்தர் ஹெண்டர்சன் பர்ன்லி தொகுதியில் தோற்றார். கட்சியோடு நின்ற முன்னாள் மந்திரி சபையினருள் கரையேறியவர் ஜார்ஜ் லான்ஸ்பரி என்னும் முதியவர் ஒருவரே. கீழ்த்தர மந்திரி பதவி வகித்த ஆட்லி என்பவர் லண்டன் லைம்ஹவுஸ் தொகுதியில் 551 வாக்கு மிகுதியில் தப்பிப் பிழைத்தார். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம், பின்னர் வேண்டியிருக்கும்.

யான் ஆங்கிலப் பாடசாலையில் பயின்ற சரித்திர நூலில் இச்செய்தி இரண்டே வரிகளில் முடிந்துவிட்டது. பிரதம மந்திரி ராம்சே மாக்டொனால்டு கட்சிக்குத் துரோகம் செய்தார். ஆதலின் கட்சி தோற்றது என்பதே அது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இக்கணக்கு நேராகவில்லை. பெரட்டுக்கு வந்த ஆட்தொகையும் செக்ரோலில் எழுதிய ஆட்தொகையும் ஒவ்வாதபோது, "கங்காணி பொய்யன்" என்று கூறிவிட்டால் மட்டும் கணக்கு ஒத்துவிடுமோ? ஏட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டாமா?

திருப்பிப் பார்ப்போம். 1929இல் அக்கட்சி பதவி ஏற்றபோது இங்கிலாந்தில் வேலையற்றோர் ஏறத்தாழ 11 இலட்சம் பேர். 1931 நடுவில் 27 இலட்சத்துக்கு மேல். உலகெங்கும் விலை வீழ்ந்த காலம் அது. நம் மலாயாவிலும் ரப்பர் விலை தரையில் விழுந்தது. பதினாயிரக் கணக்கான தமிழர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். லண்டன் பத்திரிகைகள் "வியாபார மந்தம்" என்று எழுதியது நம்மவருக்குச் செக்ரோலில் பெயர் அடிபடுதலாக வந்து சேர்ந்தது. இந்நோய்க்கு அக்கட்சியிடம் மருந்து இருந்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். கடன் வாங்கியேனும் பொதுவேலைகளைத் தொடங்குக என்று 1930இல் ஓர் இளம் மந்திரி திட்டம் எழுதிக் கொடுத்தார். மந்திரி சபை அதைத் தள்ளிவிட்டது. அவர் பெயர் ஆஸ்வால்டு மோஸ்லி. பின்னர் அவர் கருஞ்சட்டைப் பாசிசத் தலைவராகி இழிபெயர் எடுத்தார் என்பது உண்மை. எனினும் அவர் அன்று எழுதிய கணக்கு அதனால் பிழையாகிவிடாது.

1931 ஜூலை இறுதியில் மே கமிட்டியின் அறிக்கை வெளிவந்தது. துண்டு 12 கோடிப் பவுன். 9 கோடியே 60 இலட்சம் குறைக்க வேண்டும். அதில் பெரும்பகுதி வேலையற்றோர் பெறும் உதவிப் பணத்தில் குறைக்க வேண்டும் என்றது அது. நியூயார்க் பாங்கிகளின் கடனும் இந்தச் சிக்கனத்தை எதிர்பார்த்து நின்றது. ஆகஸ்டு 23ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உதவிப் பணத்தில் நூற்றுக்குப் பத்துக் குறைப்பதா என்னும் கேள்வியில் மந்திரி சபை 11க்கு 9 எனப் பிளந்தது. மறுநாள் மாக்டொனால்டு, எதிர்க்கட்சியாரோடு கூடித் "தேசீய சர்க்கார்" அமைத்து அதற்கும் தாமே பிரதம மந்திரியானார். கட்சி அவரை வெளியேற்றியது.

துரோகம் என்று அதைச் சொல்லலாம், அன்று சொன்னார்கள், பல்லாண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பதினொருவரும் மாக்டொனால்டு ஒருவரல்லர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவன்மேற் பழியைப் போட்டுவிட்டால் மற்றவர்க்கு உறக்கம் நன்றாக வரும்.

வாக்குக் கணக்கையும் காண்க. 1929இல் தொழிற்கட்சி பெற்றவை சுமார் 83 இலட்சத்து 70 ஆயிரம். 1931இல் சுமார் 66 இலட்சம். வாக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைய, ஸ்தானமோ ஐந்தில் நான்கு பங்கு போயிற்று. காரணம், கன்சர்வேட்டிவ் கட்சியாரும் லிபரல்களிற் பெரும்பாலாரும் தம்முள் போட்டியின்றி ஒரே அபேட்சகரை நிறுத்தியமையே. விட்டுப் போன அந்தப் பதினேழு இலட்சம் பேர் ஏன் போயினர்? அச்சமே பெருங்காரணம். தபாலாபீஸ் சேமிப்புப் பாங்கியின் பணத்தை எடுத்துத் தொழிற்கட்சி வேலையற்றோர் நிதிக்குக் கொடுத்துவிட்டது என்று மேடைகளிற் பேசப்பட்டது. அக்கட்சியின் நிதி மந்திரியாயிருந்த ஸ்னோடனே அதற்குத் துணை பேசினார். சீட்டுப் பணத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் ஏழைக்கு அவ்வச்சம் எத்தகையதென்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

போன வாக்கைத் திருப்பிக் கொடுத்தவர் முதலில் எதிரிகளே. 1931 நவம்பரில் "வருவாய்ச் சோதனை" வந்தது. நெடுநாள் வேலையற்றவன் உதவிப் பணம் கேட்டால், அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார். மகன் என்ன சம்பாதிக்கிறான், மகள் என்ன கொண்டு வருகிறாள், கிழவிக்குப் பென்ஷன் உண்டா, சேமிப்பு எவ்வளவு என்று கணக்கெடுத்து, அத்தனையும் கழித்து மிச்சத்தையே கொடுப்பார். தகப்பனுக்கு உதவிப் பணம் நிற்க வேண்டுமென்று, சம்பாதிக்கும் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போய் வேறிடத்தில் குடியிருந்த குடும்பங்கள் உண்டு. ஓர் இனத்தாரின் மானத்தைத் தொட்ட சட்டம் அது. சேமிப்புப் பாங்கிக்கு அஞ்சி வாக்களித்தவர், தம் வீட்டுப் படியில் நின்று விசாரித்தவரை மறக்கவில்லை.

எனினும் வெறுப்பு ஒன்றே ஆட்சியைப் பெற்றுத் தராது. 1932இல் சுதந்திரத் தொழிற்கட்சி என்னும் இடதுசாரிப் பிரிவு முறித்துக்கொண்டு போயிற்று; அது மெல்லத் தேய்ந்தது. தாய்க்கட்சியோ ஊர்க் காரியத்தில் இறங்கியது. 1933 அக்டோபரில் கிழக்கு புல்ஹாம் உபதேர்தலில், கன்சர்வேட்டிவ் கட்சிக்கிருந்த 14,521 வாக்கு மிகுதியை அழித்து 4,840 மிகுதியில் வென்றது. 1934இல் ஹெர்பர்ட் மாரிசன் தலைமையில் லண்டன் கவுண்டி கவுன்சிலின் 124 ஸ்தானங்களில் 69ஐக் கைப்பற்றியது. சேரி ஒழிப்பு, வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி ஆகியவற்றை ஒழுங்காக நடத்தக்கூடியவர் இவர் என்று தலைநகர மக்கள் கண்ணாற் கண்டனர். மேடைப் பேச்சினும் அந்தக் கவுன்சில் ஆபீசே அக்கட்சிக்குப் பெரிதும் உதவியது என்பது என் எண்ணம்.

1935 அக்டோபரில் பிரைட்டன் மகாநாட்டிலே, போரே ஆகாதென்னும் லான்ஸ்பரியைத் தொழிற்சங்கத் தலைவர் எர்னஸ்டு பெவின் ஈவிரக்கமின்றித் தாக்கினார். நல்லவரான அம்முதியவர் தலைமையைத் துறந்தார். அவ்விடத்துக்கு வந்தவர் முன் சொன்ன ஆட்லி. 1928இல் சைமன் கமிஷன் உறுப்பினராய் இந்தியா வந்தவர், மேடையிற் சோபிக்காதவர், சொல் குறைந்தவர். நவம்பர்த் தேர்தலில் கட்சிக்கு 154 ஸ்தானங்கள் கிடைத்தன. சீஹாம் தொகுதியில் மாக்டொனால்டு இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இங்கே ஒன்று கூர்ந்து நோக்கத் தக்கது. கட்சி பெற்ற வாக்கு 83 இலட்சத்துக்கு மேல், ஏறக்குறைய 1929இன் அளவே. போனவர் திரும்பிவிட்டனர், ஆயினும் ஆட்சி திரும்பவில்லை. பழையவரை மீட்டால் போதாது, என்றும் வராதவரும் வர வேண்டும்.

அதற்கு அக்கட்சி எப்போதும் தகுதியாக நடந்ததென்றும் கூறுவதற்கில்லை. 1936 அக்டோபரில், கப்பற் பட்டறை மூடப்பட்டுப் பாழான ஜாரோ ஊரிலிருந்து 200 பேர் லண்டனுக்கு நடந்தபோது, அவர்களுடைய பிரதிநிதி எல்லன் வில்கின்ஸன் அம்மையார் எடின்பரோ மகாநாட்டுக்கு ஓடி ஆதரவு கேட்டார். கட்சிப் பெரியோர் முகங் கொடுக்கவில்லை. கால் கொப்புளித்து நடந்தவர்க்கு வழியூர் மக்கள் இட்ட சோறே ஆதரவாயிற்று.

பின்னர் யுத்தம். 1940 மே மாதத்தில் சர்ச்சிலின் கூட்டு மந்திரி சபையில் ஆட்லியும் பெவினும் மாரிசனும் அமர்ந்தனர். ஆட்சிக்குத் தகாதவர் என்னும் பழைய அச்சம் அங்கேதான் கரைந்தது. 1942 டிசம்பரில் வந்த பெவரிட்ஜ் அறிக்கை, பிறப்பு முதல் இறப்பு வரை காப்பு என்னும் எண்ணத்தைப் பட்டாளத்து முகாம்கள் வரை கொண்டு சேர்த்தது. 1945 ஜூனில் சர்ச்சில் ரேடியோவில் பேசுகையில், சமதர்ம ஆட்சிக்கு ஜெர்மன் இரகசியப் போலீஸ் போன்றதொன்று வேண்டியிருக்கும் என்றார். மறுநாள் ஆட்லி அமைதியாக விடையளித்தார். ஜூலை 26ஆம் நாள் முடிவு தெரிந்தபோது 640 ஸ்தானங்களில் 393 தொழிற்கட்சிக்கு; வாக்கு ஏறக்குறைய 120 இலட்சம்.

அந்தச் சர்க்காரே 1947 ஆகஸ்டில் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்தச் சர்க்காரின் ஆட்சியிலேயே 1948 ஜூனில் மலாயாவில் அவசரச் சட்டமும் வந்தது, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவும் நீக்கப்பட்டது. அதன் தலைவராயிருந்த நம்மவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். உயிரைக் காக்குமாறு இந்திய சர்க்கார் செய்த முயற்சி பலிக்கவில்லை. அன்று லண்டனில் பிரதம மந்திரியாயிருந்தவர், 551 வாக்கில் பிழைத்த அதே ஆட்லி.